முதல் சீட்டைக் காதால் தேர்ந்தெடுங்கள்

ஏலம் முடிந்து மூன்று பாஸ்கள் விழுந்துவிட்டன. ஏலத்தில் வென்று ஆட்டத்தை நடத்தும் டிக்ளேரரின் இடப்பக்கம் நான் இருக்கிறேன். அவருடைய பார்ட்னரின் கையான டம்மி இன்னும் மேசையில் விரியவில்லை. மேசையில் மற்ற மூவரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்ஜ் ஆட்டத்தில் 52 சீட்டுகளில் 13 சீட்டுகளை மட்டுமே பார்த்து இறக்க வேண்டிய சீட்டு இது ஒன்றுதான். அடுத்த சீட்டு விழுவதற்குள் டம்மி திறந்துவிடும், அதன்பின் தன் கையும் டம்மியும் சேர்த்து ஒவ்வொருவர் கண்ணுக்கும் 26 சீட்டுகள் தெரியும். அதனால் இதைக் குருட்டடி என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததை ஏலம் காதுக்குச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டவர்களுக்கு முதல் சீட்டு பாதி வெளிச்சத்தில் இறக்கும் சீட்டு.

நான் திருச்சியில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் என் கணவர் வேலை பார்த்த காலத்தில், 1987இல், பக்கத்து வீட்டுத் திண்ணையில் பிரிட்ஜ் கற்றேன். என் பார்ட்னர் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். இருபத்திரண்டு ஆண்டுகளாக வியாழக்கிழமை மாலைகளில் ஒரே மேசை. என்னிடம் நான்கு நீள நோட்டுகள் இருக்கின்றன. நான் முதல் சீட்டு இறக்கிய ஆட்டங்களில் நினைவில் நின்றவற்றை அவற்றில் எழுதிவைத்திருக்கிறேன்: ஏலம், என் 13 சீட்டுகள், இறக்கிய சீட்டு, இறக்கியிருக்க வேண்டிய சீட்டு. இந்தக் கட்டுரையில் வரும் கைகள் அந்த நோட்டுகளிலிருந்து வந்தவை.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிரிக் என்று மேசையில் சொல்வதைப் பிடி என்று எழுதுகிறேன். துருப்பால் எடுப்பதை வெட்டு என்கிறேன். கிளப் என்ற இனத்துக்கு, சிறு வயதில் ரம்மி ஆடிய நாளிலிருந்து வாயில் வரும் கிளாவர் என்ற சொல்லே எனக்கு வசதி. பிரிட்ஜின் அடிப்படை விதிகளும் ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற புள்ளிக் கணக்கும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் சேர்ந்து ஆடத் தொடங்கிய முதல் மாதத்தில், மூன்று நோ டிரம்ப் (துருப்பு இல்லாமல் ஒன்பது பிடி) ஆட்டம் ஒன்றில் என்னிடம் இருந்த நீளமான இனத்திலிருந்து ஒரு சீட்டை இறக்கினேன். ஏலத்தில் அவர்கள் ஏற்ற பிடிக் கணக்கு, அதாவது காண்ட்ராக்ட், சுலபமாக வென்றது. ஆட்டம் முடிந்ததும் அக்கா கேட்டார்: "டீச்சர், அவர்கள் என்ன ஏலம் கேட்டார்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள் பார்ப்போம்." என்னால் சொல்ல முடியவில்லை. கடைசி ஏலம் மட்டுமே நினைவில் இருந்தது. பள்ளியில் கணக்கின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு விடை எழுதும் பிள்ளைகளை எத்தனை முறை திருத்தியிருக்கிறேன்! அன்றுமுதல் சீட்டில் கை வைப்பதற்கு முன் ஏலத்தை முதலிலிருந்து மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள்.

சொல்லிப் பார்க்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறேன். டம்மியில் எந்த இனம் நீளமாக வரும்? டிக்ளேரர் தன் பிடிகளை எங்கிருந்து எடுப்பார்? பார்ட்னரிடம் ஏறத்தாழ எத்தனை புள்ளிகள் இருக்கும்? மூன்றாவது கேள்விதான் எளிது, அதைத்தான் பலர் கேட்பதே இல்லை. மொத்தம் 40 புள்ளிகள். எதிராளிகள் ஏலத்தில் காட்டியதையும் உங்கள் கையில் இருப்பதையும் கழித்தால் மிஞ்சுவது பார்ட்னருடையது.

என் இரண்டாவது நோட்டில் உள்ள ஒரு கை:

ஸ்பேடு – ஜாக்கி, 10, 5
ஹார்ட்டின் – 8, 4
டைமண்ட் – ராணி, 7, 6, 3
கிளாவர் – ராஜா, 8, 6, 2

வலப்பக்கம் ஒரு நோ டிரம்ப், இடப்பக்கம் நேராக மூன்று நோ டிரம்ப், அதோடு ஏலம் முடிந்தது. நோ டிரம்புக்கு நீளமான இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டு என்று எல்லோரும் கற்றிருக்கிறோம். அந்தப் பாடப்படி கிளாவர் 2 அல்லது டைமண்ட் 3. ஆனால் ஏலம் என்ன சொன்னது? ஒரு நோ டிரம்ப் என்றால் 15 முதல் 17 புள்ளி, எதிரே பத்துப் பக்கம். ஆக அவர்களிடம் சுமார் 26. என்னிடம் 6. பார்ட்னரிடம் 8 இருக்க வேண்டும், என்னைவிட அவர் கை கனமானது. அடுத்து, டிக்ளேரரிடம் நான்கு ஸ்பேடோ நான்கு ஹார்ட்டினோ உண்டா என்று விசாரிக்கும் ஏலம் இரண்டு கிளாவர், டம்மி அதைக் கேட்கவில்லை. நான்கு ஸ்பேடோ நான்கு ஹார்ட்டினோ இருந்தால் பெரும்பாலோர் கேட்டிருப்பார்கள். ஆகவே டம்மியில் கிளாவரும் டைமண்டும்தான் நீளம். நான் அவற்றில் ஒன்றை இறக்கினால் அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நானே தொடங்கிவைக்கிறேன். பார்ட்னரின் நீளம் ஸ்பேடிலோ ஹார்ட்டினிலோ இருக்க வேண்டும். என்னிடம் இரண்டே ஹார்ட்டின், அதுவும் சிறியவை. ஸ்பேடில் ஜாக்கியும் பத்தும் சேர்ந்து நிற்கின்றன. ஸ்பேடு ஜாக்கியை இறக்கினேன்.

அக்காவிடம் ராஜா, ராணி, 8, 4, 2 என ஐந்து ஸ்பேடுகள் இருந்தன. டிக்ளேரர் ஏஸை இரண்டு சுற்று பிடித்துவைத்து மூன்றாவது சுற்றில் எடுத்தார். பிறகு ஹார்ட்டினை வளர்க்கப் போனபோது அக்காவின் ஏஸ் குறுக்கே வந்தது, மிச்சம் இருந்த இரண்டு ஸ்பேடுகளும் பிடியாயின. ஐந்து பிடிகள், காண்ட்ராக்ட் ஒன்று குறைந்தது.

இது எனக்கு வாய்த்த தற்செயல் அன்று. டேவிட் பேர்டும் டாஃப் ஆந்தியஸும் கணினியில் ஏராளமான ஆட்டங்களைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு முதல் சீட்டும் எத்தனை முறை காண்ட்ராக்டை உடைக்கிறது என்று எண்ணிப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு நோ டிரம்ப், மூன்று நோ டிரம்ப் என்ற இந்த ஏலத்தில், வலுவில்லாத நான்கு சீட்டுக் கிளாவர் அல்லது டைமண்டைவிடக் குறைந்த நீளமுள்ள ஸ்பேடோ ஹார்ட்டினோ பல நேரங்களில் மேலானது என்பது அவர்கள் கண்டது. கணினி நான்கு கைகளையும் பார்த்துக்கொண்டு ஆடுகிறது, நாம் அப்படி ஆடுவதில்லை. ஆகையால் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் திசை சரியானது.

இதே கைக்கு ஏலம் வேறாக இருந்தால் விடையும் மாறும். ஒரு நோ டிரம்ப், இரண்டு கிளாவர், இரண்டு ஹார்ட்டின், மூன்று நோ டிரம்ப் என்று போயிருந்தால் டிக்ளேரரிடம் நான்கு ஹார்ட்டின் இருக்கிறது. டம்மி இரண்டு கிளாவர் கேட்டு விசாரித்த பிறகும் ஹார்ட்டினை உயர்த்தவில்லை என்றால் அவரிடம் நான்கு ஸ்பேடு இருக்க வேண்டும். இப்போது ஸ்பேடு ஜாக்கி டம்மியின் நீளத்துக்குள் போய் விழும். கிளாவரோ டைமண்டோ இறக்குவேன். சீட்டுகள் அவையே, கேட்ட ஏலம் வேறு.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி: எப்போது பாய்வது, எப்போது பொறுத்திருப்பது. பலரும் இதைக் குணத்தின் விஷயமாக நினைக்கிறார்கள், துணிச்சல்காரர் ராஜாவின் கீழிருந்து இறக்குவார், சாது சிறிய சீட்டுகளாகத் தள்ளுவார் என்று. அது குணம் தீர்மானிப்பதல்ல. எதிராளிகளின் இனங்கள் அவர்களுக்குச் சாதகமாக அமர்ந்திருக்கின்றனவா, பாதகமாகவா என்பதை உங்கள் கையிலிருந்தே கணிக்கலாம்.

ஸ்பேடு – 9, 4
ஹார்ட்டின் – ராஜா, ஜாக்கி, 6, 3
டைமண்ட் – ராஜா, 8, 5
கிளாவர் – 10, 9, 7, 4

ஏலம்: வலப்பக்கம் ஒரு ஸ்பேடு, இடப்பக்கம் இரண்டு டைமண்ட், வலப்பக்கம் இரண்டு ஸ்பேடு, இடப்பக்கம் நான்கு ஸ்பேடு. பார்த்தவுடன் கிளாவர் 10 பாதுகாப்பாகத் தெரியும். ஒன்றும் கெட்டுப்போகாது என்று கை அங்கேதான் போகும். ஒரு நிமிடம் பொறுங்கள். டம்மியில் நீளமான டைமண்ட் வரப்போகிறது. என் டைமண்ட் ராஜா எங்கே இருக்கிறது? டம்மிக்கு முன்னால். டிக்ளேரர் தன் கையிலிருந்து டைமண்ட் ஆடும்போது எனக்குப் பிறகுதான் டம்மி ஆடும். டம்மியில் ஏஸும் ராணியும் இருந்தால் என் ராஜா செத்த ராஜா. அதாவது டைமண்ட் அவர்களுக்கு ஓடும், ஓடும் டைமண்டில் டிக்ளேரர் தன் தோற்கும் சீட்டுகளைக் கழித்துவிடுவார். நமக்கு உரிய பிடிகள் ஹார்ட்டினில் இருந்தால் அவற்றை இப்போதே எடுக்க வேண்டும். ஹார்ட்டின் 3 இறக்கினேன்.

அக்கா ஏஸால் எடுத்து 9ஐத் திருப்பி அனுப்பினார். டிக்ளேரரிடம் ராணி, 10, 8. அவர் 10 போட, நான் ஜாக்கியால் எடுத்து ராஜாவையும் ஆடினேன், ராணி அதன் கீழ் விழுந்தது. மூன்று பிடிகள். துருப்பு ஏஸ் அக்காவிடம். காண்ட்ராக்ட் ஒன்று குறைந்தது. அதே கையைப் பக்கத்து மேசையில் கிளாவர் 10 இறக்கி ஆடியிருக்கிறார்கள். அங்கே டிக்ளேரர் கிளாவரை எடுத்து, துருப்பைத் தொடாமலே டைமண்டில் என் ராஜாவைத் தாண்டி இரண்டு முறை ஆடி, மூன்றாவது நான்காவது டைமண்டுகளில் இரண்டு ஹார்ட்டின்களைக் கழித்துவிட்டார். பத்துப் பிடிகள்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். டம்மி காட்டிய இனத்தில் உங்களிடம் இரண்டு சிறிய சீட்டுகள் மட்டும் இருந்தால் அந்த இனத்தின் பெரிய சீட்டுகள் பார்ட்னரிடம், டம்மிக்குப் பின்னால், பதுங்கியிருக்கலாம். அல்லது டிக்ளேரர் கேட்ட இனத்தில் உங்களிடம் ராணி, 10, 9, 7 என்று இருந்தால் அவருக்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள். இனங்கள் அவர்களுக்கு எதிராக அமர்ந்திருக்கும் இப்படிப்பட்ட கைகளில் அவசரமே இல்லை. ராஜாவின் கீழிருந்து இறக்கி ஒரு பிடியைத் தானம் செய்ய வேண்டாம். 10, 9, 8 போன்ற ஒரு தொடரையோ, அவர்களே கேட்ட இனத்தின் சிறிய சீட்டையோ வைத்துவிட்டுக் காத்திருங்கள். ஒரு நோ டிரம்ப், இரண்டு நோ டிரம்ப், மூன்று நோ டிரம்ப் என்று தட்டுத் தடுமாறி ஏறிய ஏலங்களிலும் இப்படித்தான். அவர்களிடம் மிச்சமே இல்லை, ஒவ்வொரு பிடிக்கும் அவர்கள் வியர்க்க வேண்டும். நாம் உதவாமல் இருந்தால் போதும்.

ஒற்றைச் சீட்டு என்றால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுக்கிறது. வெட்டு கிடைப்பது போல இனிமையானது இந்த ஆட்டத்தில் வேறில்லை. ஆனால் ஒற்றைச் சீட்டை இறக்கும் முன் துருப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்பேடு – ஏஸ், 6, 3
ஹார்ட்டின் – 7
டைமண்ட் – ராணி, 9, 5, 4, 2
கிளாவர் – ஜாக்கி, 8, 7, 3

ஒரு ஸ்பேடு, மூன்று ஸ்பேடு, நான்கு ஸ்பேடு. இந்தக் கைக்கு ஹார்ட்டின் 7 அருமையான முதல் சீட்டு. துருப்பு ஏஸ் என்னிடம் இருக்கிறது, அவர்கள் துருப்பை வாரி எடுக்கும் முன் நான் ஒருமுறை உள்ளே வந்துவிடுவேன். வெட்டுவதற்கு எனக்குத் தேவையே இல்லாத இரண்டு சிறிய துருப்புகள் இருக்கின்றன. புள்ளிக் கணக்கும் ஒத்துவருகிறது: அவர்களிடம் 26, என்னிடம் 7, பார்ட்னரிடம் 7. அவருக்கு ஒரு பிடி எடுத்து உள்ளே வர வழி இருக்கும். அன்று டிக்ளேரர் ஹார்ட்டினை எடுத்துத் துருப்பு ஆடினார், நான் ஏஸால் எடுத்தேன். டம்மியில் கிளாவர் ஏஸும் ராஜாவும் கண்முன் கிடந்ததால் அக்காவின் புள்ளிகள் டைமண்டில்தான் இருக்க முடியும். டைமண்ட் ஆடினேன். அக்கா ஏஸால் எடுத்து ஹார்ட்டின் அனுப்ப, நான் 3ஆல் வெட்டினேன். டைமண்ட் ராஜாவும் அக்காவிடமே. நான்கு பிடிகள்.

இப்போது துருப்பில் ஏஸ், 6, 3க்குப் பதிலாக ராணி, ஜாக்கி, 10 இருந்தால்? எப்படியும் ஒரு பிடி தரும் துருப்புகளைக்கொண்டு வெட்டி என்ன லாபம்? என் முதல் நோட்டில் இப்படி இறக்கிய ஒற்றைச் சீட்டுகள் மூன்று இருக்கின்றன. மூன்றுமே பார்ட்னரின் ராணியை டிக்ளேரருக்குக் காட்டிக்கொடுத்தன. என் கையில் 13 புள்ளிகள் இருக்க எதிராளிகள் நான்கு ஸ்பேடு ஆடினாலும் ஒற்றைச் சீட்டு வீண், ஏனென்றால் கணக்குப்படி பார்ட்னரிடம் ஒன்றும் மிஞ்சாது. வெட்டுக் கொடுக்க அவர் எதைக்கொண்டு உள்ளே வருவார்?

துருப்பில் நான்கு சீட்டுகள் இருந்தால் வழியே வேறு. ஸ்பேடு ராஜா, 8, 5, 2, ஒற்றை ஹார்ட்டின் 6, டைமண்ட் ராஜா, ராணி, 10, 7, 3, கிளாவர் 9, 5, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பு ஸ்பேடு. ஹார்ட்டின் 6ஐ விட்டுவிட்டு டைமண்ட் ராஜாவை இறக்குங்கள். டிக்ளேரரிடம் ஐந்து துருப்புகள் இருக்கலாம். டைமண்டை இரண்டு முறை வெட்டவைத்தால் மூன்றாகும். உங்களிடம் நான்கு. அதன்பிறகு துருப்பில் நீங்கள்தான் பெரிய வீடு.

துருப்பையே முதல் சீட்டாக இறக்குவது சந்தேகம் வந்தபோது செய்யும் காரியம் என்று எனக்கும் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சந்தேகத்தில் இறக்கும் துருப்பு பார்ட்னரின் ராணியைப் பலமுறை கொன்றிருக்கிறது. துருப்பை இறக்க ஏலத்தில் காரணம் வேண்டும். வலப்பக்கம் ஒரு ஸ்பேடு, இடப்பக்கம் ஒரு நோ டிரம்ப், வலப்பக்கம் இரண்டு ஹார்ட்டின், இடப்பக்கம் பாஸ். என்னிடம் ஸ்பேடில் ஏஸ், ராணி, 10, 8. டம்மி ஸ்பேடுக்குத் திரும்பாமல் ஹார்ட்டினில் நின்றுவிட்டது, ஆகவே டம்மியில் ஸ்பேடு ஒன்றோ இரண்டோதான். டிக்ளேரர் தன் தோற்கும் ஸ்பேடுகளை டம்மியின் ஹார்ட்டினால் வெட்டப் போகிறார். என் ஸ்பேடுகள் அவருக்குப் பின்னால் கூர்மையாக நிற்கின்றன, அந்த வெட்டுகள் மட்டும்தான் அவரைக் காப்பாற்றும். சிறிய ஹார்ட்டினை முதலிலேயே இறக்கி, உள்ளே வரும்போதெல்லாம் மறுபடியும் ஹார்ட்டினையே இறக்குங்கள். டம்மியில் வெட்டச் சீட்டு இருக்காது.

ஸ்லாம் ஆட்டத்தில், அதாவது 12 அல்லது 13 பிடிகளை எதிராளிகள் ஏற்ற ஆட்டத்தில், பார்ட்னர் டபுள் சொன்னால் காதை இன்னும் தீட்டிக்கொள்ளுங்கள். தாமே விரும்பி ஸ்லாம் ஏறியவர்கள் மூன்று நான்கு பிடிகள் குறைவது அரிது, ஆகையால் அந்த டபுளைக் கூடுதல் புள்ளிக்காகச் சொல்வதில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் தியோடர் லைட்னர் அதற்கு ஒரு பொருள் கொடுத்தார்: வழக்கமான சீட்டை இறக்காதே, வேறொன்றை இறக்கு. பெரும்பாலும் டம்மி முதலில் கேட்ட பக்க இனம். ஒரு போட்டியில் என் கை இது: ஸ்பேடு 5, ஹார்ட்டின் 9, 8, 6, 5, 2, டைமண்ட் ராணி, ஜாக்கி, 10, 3, கிளாவர் 7, 6, 4. எதிராளிகள் ஆறு ஸ்பேடு. டம்மி வழியில் ஹார்ட்டின் கேட்டிருந்தது. அக்கா டபுள் சொன்னார். டபுள் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு டைமண்ட் ராணி. டபுளைக் கேட்ட பிறகு, டம்மி கேட்ட இனத்தில் எனக்கு ஐந்து சீட்டு என்றால் அக்காவுக்கு எத்தனை இருக்கும்? ஒன்றுமில்லை. ஹார்ட்டின் இறக்கினேன், அக்கா வெட்டினார், கிளாவர் ஏஸையும் எடுத்தார். அந்த ஒரு ஏஸை மட்டும் இழந்து ஜெயித்திருக்க வேண்டிய ஸ்லாம் அது.

டபுள் சொன்னது மட்டுமல்ல, சொல்லாததும் செய்திதான். இடப்பக்கம் ஒரு டைமண்டில் தொடங்கி நோ டிரம்புக்குப் போகும் ஏலத்தில், பார்ட்னருக்கு மலிவாக ஒரு ஹார்ட்டின் சொல்ல இடம் இருந்தும் அவர் சொல்லவில்லை என்றால், அவருக்கு ஐந்து நல்ல ஹார்ட்டின்கள் இல்லை. இரண்டு இனங்களுக்கு நடுவில் தவிக்கும்போது இந்த மௌனம் தராசைச் சாய்த்துவிடும். பார்ட்னர் ஓர் இனத்தைக் கேட்டிருந்தால் பெரும்பாலும் அதையே இறக்குங்கள். அதைவிட நல்லது இருப்பதாகத் தோன்றினால் உங்களிடம் வலுவான காரணம் இருக்க வேண்டும். தவறாகப் போனாலும் இருவரும் சேர்ந்து தவறியதாக இருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே பார்ட்னருடன் ஆடுபவளுக்கு அது சிறிய விஷயமன்று.

எந்த இனம் என்று முடிவானபின் எந்தச் சீட்டு என்பது பெரும்பாலும் ஒப்பந்தம். தொடர்ச்சியாகப் பெரிய சீட்டுகள் இருந்தால் மேலுள்ளது: ராஜா, ராணி, ஜாக்கியில் ராஜா, ராணி, ஜாக்கி, 10இல் ராணி. இரண்டே சீட்டு என்றால் பெரியது. மூன்று சீட்டில் ஒரு பெரிய சீட்டு இருந்தால் சிறியது. துருப்பு ஆட்டத்தில் ஏஸின் கீழிருந்து சிறிய சீட்டை இறக்காதீர்கள். நான்கு ஹார்ட்டின் ஆட்டம் ஒன்றில் கிளாவர் ஏஸ், ராணி, 6, 3இலிருந்து 3ஐ இறக்கினேன். டிக்ளேரரிடம் ஒற்றையாக இருந்த கிளாவர் ராஜா பிடி எடுத்தது, என் ஏஸ் கடைசிவரை எடுக்கவே இல்லை.

மேலிருந்து நான்காவது சீட்டு என்ற வழக்கத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதற்குள் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டக் காலத்து வழக்கம் இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர். எஃப். ஃபாஸ்டர் அதிலிருந்து பதினொன்று விதியைக் கண்டெடுத்தார்: இறக்கிய சீட்டின் எண்ணை 11லிருந்து கழியுங்கள், மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து அதைவிடப் பெரிய சீட்டுகள் அத்தனை இருக்கும். ஏன் 11? ஜாக்கியை 11, ராணியை 12, ராஜாவை 13, ஏஸை 14 என்று எண்ணுங்கள். 7க்கு மேல் 14 – 7 = 7 சீட்டுகள் இருக்கின்றன. இறக்கியது மேலிருந்து நான்காவது ஆதலால் அவற்றில் மூன்று இறக்கியவரிடமே இருக்கின்றன. 14இலிருந்து 3 போக 11. ஒன்பதாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, சீட்டாட்டம் என்றவுடன் சிரித்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நான் ஹார்ட்டின் ராணி, 10, 8, 7இலிருந்து 7ஐ இறக்குகிறேன். டம்மியில் ஏஸ், 9, 3 விரிகிறது. பார்ட்னரிடம் ராஜா, ஜாக்கி, 4. பார்ட்னர் கணக்குப் போடுகிறார்: 11 – 7 = 4. டம்மியில் 7ஐவிடப் பெரியவை இரண்டு, தன்னிடம் இரண்டு, ஆக நான்கும் கண்முன். டிக்ளேரரிடம் 7ஐத் தாண்டும் சீட்டு ஒன்றுகூட இல்லை! டம்மியிலிருந்து 3 விழுந்தால் பார்ட்னர் நிம்மதியாக 4ஐப் போடலாம். என் 7ஏ பிடியை எடுக்கும், நான் மறுபடியும் டம்மிக்குள் இறக்குவேன். இந்த ஆட்டம் நடந்த மாலையில் அக்கா அந்த 4ஐ மேசையில் வைத்தபோது டிக்ளேரர் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்த நோட்டுப் பக்கத்தில் நான் வேறொன்றும் எழுதவில்லை, "அக்கா – 4" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஜோடிகள் போட்டியா, அணிகள் போட்டியா என்பதையும் கவனியுங்கள். அணிகள் போட்டியில் காண்ட்ராக்டை உடைப்பதே குறி, கூடுதலாக ஒரு பிடி போனால் பெரிய நஷ்டமில்லை. அங்கே துணிந்து பாயலாம். ஜோடிகள் போட்டியில் அந்த ஒரு கூடுதல் பிடி உங்களை மற்ற மேசைகளுக்கெல்லாம் கீழே தள்ளிவிடும். ஆகையால் அங்கே ஐயம் வந்தால் பொறுமையின் பக்கம் சாய்கிறேன்.

யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது? போதிய நேரம், ஆனால் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு. சில நேரம் பட்டென்றும் சில நேரம் நீண்ட தவிப்புக்குப் பிறகும் இறக்கினால், சீட்டு சொல்லாததை உங்கள் தவிப்பு பார்ட்னருக்குச் சொல்லிவிடும். அதைப் பயன்படுத்துவது விதிப்படி தவறு, நேர்மைப்படியும் தவறு. பார்ட்னரை அந்தத் தர்மசங்கடத்தில் நிறுத்தாமல் இருப்பது உங்கள் கடமை. ஒவ்வொரு கைக்கும் ஏலத்தை முழுக்கச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் நேரம் தானாகவே ஒரே சீராக அமைந்துவிடும்.

முடிவானதும் சீட்டை எடுத்து முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து மேசையில் வையுங்கள். விதியும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் முறை இல்லாமல் இறக்கியிருந்தால் சீட்டு வெளிப்படும் முன்பே திருத்திக்கொள்ள அது வாய்ப்பளிக்கிறது. ஏலத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் பார்ட்னர் இப்போது கேட்கலாம், அந்தக் கேள்வி உங்கள் தேர்வைப் பாதிக்காது. எங்கள் மேசையில் நான் கவிழ்த்துவைத்தவுடன் அக்காவைப் பார்ப்பேன். அவர் ஏலத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரியும். "கேள்வி ஒன்றும் இல்லை, டீச்சர்" என்பார். அதன்பிறகுதான் சீட்டைத் திருப்புவேன்.